பேகத்துக்கு மூன்றாம் மாதம்

புதுச்சேரி சாரத்தில் அன்வருதீன் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம், மூக்கு போதும். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகையில் பேகம் நிற்கிறாள். பேகம் என்றதும் யாரோ என்று பதற வேண்டாம், வெள்ளைக் குதிரை. அக்கம்பக்கத்தார் முதல் வருஷம் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு மாடித்தோட்டம் வந்தது. இப்போது காலையில் வாளியோடு வந்து நிற்கிறார்கள். சாணி குறைந்தால் குதிரைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

பேகத்தின் தொழில் மாப்பிள்ளை சுமப்பது. நிக்காஹ் ஊர்வலமோ, இந்துக் கல்யாண வரவேற்போ, மாதா கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை போகிற கிறிஸ்தவக் கல்யாணமோ, முதுகில் ஏறியவன் எந்த மதம் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒயிட் டவுனில் ஏதாவது ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் நிற்பாள். கல்யாணத்துக்கு முன்பே கல்யாண ஆல்பம் தயாரிக்கிற வெளியூர் ஜோடிகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். பிரெஞ்சுக்காரன் போட்ட தெரு என்றெல்லாம் பேகம் மரியாதை பார்ப்பதில்லை, வந்தால் அங்கேயே போட்டுவிடுவாள். அள்ளுவதற்கு அன்வருதீனின் தோளில் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும்.

மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குதிரை என்றாலே பயம். ஏற்றிவிடும்போது அன்வருதீன் தைரியம் சொல்வார்: "பயப்படாதீங்க மாப்ள, இது மெட்ராஸ் ரேஸ்ல கப்பு அடிச்ச குதிரை." கேட்டதும் மாப்பிள்ளைக்குப் பயம் இரண்டு மடங்காகும். ஆனால் பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நெஞ்சு நிமிரும். சாப்பாட்டுப் பந்தியில் அவர் அதைப் பத்துப் பேரிடம் சொல்லுவார், பத்தாவது ஆளிடம் போகும்போது ஒரு கப்பு மூன்று கப்பாக ஆகியிருக்கும்.

உண்மையில் பேகம் கப்பு அடித்ததும் இல்லை, கப்பைக் கண்ணால் கண்டதும் இல்லை. ரேஸ் காகிதங்களில் அவள் பெயர் 'ஸ்டார் ஆஃப் அரேபியா'. பிறந்தது புனே பக்கம். அரேபியாவுக்கும் அவளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அவளைக் கவனித்துக்கொண்ட குதிரைக்காரரின் பெயர் அன்வருதீன் என்பதுதான். ஓடிய பந்தயம் எல்லாவற்றிலும் கடைசி. ஒரே ஒருமுறை கடைசிக்கு முந்திய இடம் கிடைத்தது, அன்றைக்கு வேறொரு குதிரை ஓடவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பயிற்சியில் இடது முன்னங்கால் நரம்பு கிழிந்தது. நடக்கலாம், மெதுவாகத் தாவலாம், நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் கால் ஒடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கப்பு அடித்தவன் கோல்டன் என்ற வேறொரு குதிரை. இதைத்தான் அன்வருதீன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்வருதீனின் அப்பா நேரு வீதிப் பக்கம் குடைக்கடை வைத்திருந்தவர். மழைக்காலத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அன்வருதீன் மீசை முளைத்த வயதில் சென்னைக்கு ஓடிப் போனார். ரேஸ் குதிரைகளைத் தேய்த்து, குளிப்பாட்டி, தீனி போட்டுப் பார்த்துக்கொள்ளும் சைஸ் வேலையில் சேர்ந்து அங்கேயே பாதி ஆயுசைக் கழித்தார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் பள்ளிவாசலில் பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சூதாடுகிற இடத்தில் சோறு தின்கிறாயே என்பார்கள். குதிரையை ஓட விடுவது ஆகுமான காரியம், அதன்மேல் பணம் கட்டுவதுதான் ஹராம், நான் ஓட விடுகிற பக்கம் இருக்கிறேன் என்று இவர் சட்டம் பேசுவார். பெரியவர்களுக்கு அதை மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் மனசு வராது. தாடியைத் தடவிக்கொண்டு போய்விடுவார்கள்.

கோல்டன் இரண்டு வயதுக் குட்டியாக லாயத்துக்கு வந்தவன். முதலாளியைக் கடித்தான், பயிற்சியாளரைக் கடித்தான், அன்வருதீனை மட்டும் கடிக்கவில்லை. அவர் கொட்டகை வாசலில் படுத்தால் அவனும் படுப்பான். ஜெயித்துவிட்டு வரும்போது முதலாளிகள் கப்போடு படம் எடுத்துக்கொள்ள, வியர்வையும் நுரையுமாக அவன் தலையை அன்வருதீனின் தோளில் வைத்துக்கொள்வான். அன்வருதீன் அந்தக் குதிரையை உயிராக நேசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில், கோல்டன் முன்னங்கால் ஒடிந்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே கதை முடிந்தது. அன்றைக்குக் கடிவாளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு லாயத்துக்கு நடந்து வந்த அன்வருதீன், அதை ஜஹபர் நிஷாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. நிஷா அவருடைய மனைவி. நிஷாவிடம் எதையும் மறைக்க முடியாது என்பது சாரம் முழுக்கத் தெரியும்.

வேலையை விட்டு வரும்போது, யாருக்கும் வேண்டாத நொண்டிப் பேகத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊரார் இது என்ன குதிரை என்று கேட்டார்கள். கோல்டனைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே அவன் அடித்த கப்பையெல்லாம் தூக்கிப் பேகத்துக்குக் கொடுத்துவிட்டார். செத்தவன் சொத்து இருக்கிறவளுக்குப் போனது. முதலில் ஒரு கப்பு, பிறகு கவர்னர் கையால் வாங்கிய கப்பு. வாரிசு தாவா போட யாரும் இல்லாததால் அளந்துகொண்டே போனார்.

வினை ஆதிமூலம் வடிவத்தில் வந்தது. ஆதிமூலம் காலாப்பட்டுப் பக்கம் லேஅவுட் போட்டு மனை விற்பவர். மிச்ச நேரத்தில் கட்சிக்காரர், அல்லது நேர்மாறாகவும் சொல்லலாம். அவர் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சுமந்தது பேகம்தான். அன்று அன்வருதீன் விட்ட கப்புக் கதை அந்த ஆளின் மண்டையில் பத்திரமாகத் தங்கியிருந்தது. தலைவரின் பிறந்தநாள் வந்தது. ரத்ததானம், வேட்டி சேலை எல்லாம் எல்லோரும் செய்கிறார்கள், நாம் குதிரைப் பந்தயம் விடுவோம் என்று ஆதிமூலம் முடிவு செய்தார். லேஅவுட்டில் புதிதாகத் தார் போட்ட ரோடு தயாராக இருந்தது. தலைவருக்கும் வாழ்த்து, மனைக்கும் விளம்பரம். அனுமதி வாங்கியாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடியவர்களுக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தது.

பேகம் ஓடினால்தான் பந்தயத்துக்கு மரியாதை என்று ஆதிமூலம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். போஸ்டரில் பேகத்தின் படமும் போட்டாயிற்றாம்.

அன்வருதீனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடினால் பேகத்தின் கால் போகும், கால் போனால் உயிர் போகும். ஓட மாட்டாள் என்று சொன்னால் மானம் போகும், இத்தனை வருஷம் மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் காது குத்தியது அம்பலமாகும். இரண்டு நாள் கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடந்தார். மூன்றாம் நாள் மானம் போனால் போகட்டும் என்று துணிந்து டீக்கடைக்குப் போனார். ஆதிமூலமும் நாலைந்து பேரும் இருந்தார்கள். குதிரை கப்பு அடிக்கவில்லை, ஓடின எதிலும் கடைசி, கால் நரம்பு கிழிந்தது, இதுவரை சொன்னதெல்லாம் சரடு என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

யாரும் நம்பவில்லை. டீக்கடையே சிரித்தது. பாய் பிகு பண்ணுகிறார் என்றார்கள். ஒருத்தர் கண் படும் என்று பயப்படுகிறார் என்றார், இன்னொருத்தர் எதிர்க்கோஷ்டி ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருப்பான் என்றார். ஆதிமூலம் எழுந்து வந்து தோளில் கை போட்டு, இவ்வளவு பெரிய குதிரையை வைத்துக்கொண்டு இப்படித் தன்னடக்கமாகப் பேசுவது உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று பாராட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொன்ன மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

நிஷா நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பொய்யும் ஒழுங்கா சொல்ல வரல, உண்மையும் சொல்ல வரல. வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

புர்காவை மாட்டிக்கொண்டு ஆதிமூலத்தின் வீட்டுக்குப் போனார். ஆதிமூலத்தைப் பார்க்கவில்லை, நேராக அடுப்படிக்குப் போய் அவர் மனைவியிடம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: பேகத்துக்கு மூன்றாம் மாதம். இன்னும் வெளியே சொல்லவில்லை. சினைக் குதிரையை ஓட விட்டு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் பிறந்தநாள் கொண்டாடுகிறவருக்கா போகும், நடத்துகிற வீட்டுக்கல்லவா வரும்.

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆதிமூலத்துக்கு வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே போஸ்டரில் பேகத்தின் படத்தின்மேல் தாள் ஒட்டினார்கள். தகப்பன் குதிரை எது, எந்த ஊர், இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. மறுநாள் மாடித்தோட்டக்காரப் பெண்கள் வாளியோடு பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். பேகம் ஆட்சேபிக்கவில்லை. அன்வருதீனும் நிஷாவும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு நோகச் சிரித்தார்கள்.

பேகம் போனதால் ஒரு இடம் காலியானது. அந்த இடத்துக்கு வந்தவன் இனியவன்.

இனியவன் பிள்ளைச்சாவடிக்காரன், நாற்பது வயது, நெத்திலி மாதிரி உடம்பு. கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி மணலில் நடத்திக்கொண்டு போகிற குதிரை வைத்திருந்தான். பழுப்பு நிறம், பெயர் பிஸ்கோத்து. குழந்தைகள் கொடுக்கிற பிஸ்கட்டைக் கவரோடு தின்றுவிடும் என்பதால் வந்த பெயர் அது. பந்தயத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் அவன் சாரத்துக்கு வந்தான். அன்வருதீனைக் குதிரை விஷயத்தில் பெரிய ஆள் என்று நினைத்திருந்தான். மணலில் நடந்து பழகியது, தார் ரோட்டில் ஓட விட்டதில்லை, ஒன்றும் ஆகாதே என்று கேட்டான்.

அன்வருதீனுக்குப் பதில் தெரியும். புதுத் தாரில் லாடம் வழுக்கும், ஜல்லித் தூள் காலுக்கடியில் உருளும், மணலில் மெதுவாக நடந்து வளர்ந்த கால் அந்த அடியைத் தாங்காது. சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவன் போய் ஆதிமூலத்திடம் சொல்வான். ரோடு ஆகாது என்று தெரிந்துதான் பாய் குதிரையை விடவில்லை என்று பேச்சு வரும், சினை விவகாரம் நாறும், பேகத்தைத் திரும்பக் கேட்பார்கள். கொட்டகையிலிருந்து பேகம் பேரீச்சம்பழம் மெல்லும் சத்தம் வந்தது.

"பாத்து ஓட்டுப்பா" என்று மட்டும் சொன்னார்.

இனியவன் சந்தோஷமாகப் போனான்.

பந்தய நாளன்று அன்வருதீன் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் பேகம் வராவிட்டாலும் பாய் வர வேண்டும் என்று ஆதிமூலம் காரே அனுப்பிவிட்டார். மேடையில் சால்வை போர்த்தி, ரேஸ் உலகத்தின் ஜாம்பவான் என்று மைக்கில் சொன்னார்கள். விரைவில் தாத்தாவாகப் போகிறார் என்று ஒருத்தர் சேர்த்துக்கொள்ள, கூட்டம் கைதட்டியது. பிறகு கையில் ஒரு கொடியைக் கொடுத்தார்கள். அவர்தான் ஆரம்பித்து வைக்க வேண்டுமாம்.

கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த கல்யாணக் குதிரைகளும் கடற்கரைக் குதிரைகளுமாக ஏழெட்டு நின்றன. அவற்றில் ஒன்றுகூட ஓடுவதற்குப் பிறந்ததில்லை. பேண்டு வாத்தியம் வாசித்ததும் ஒரு குதிரை பழக்கதோஷத்தில் ஆடவே தொடங்கியது. ஓரத்தில் பிஸ்கோத்தின்மேல் இனியவன் உட்கார்ந்து இவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். இப்போதாவது வாயைத் திறக்கலாம் என்று அன்வருதீன் நினைத்தார். மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஆதிமூலம் தோளைத் தட்டினார். அன்வருதீன் கொடியை இறக்கிவிட்டார்.

லேஅவுட்டின் அலங்கார வளைவுக்குப் பக்கத்தில் ரோடு திரும்புகிறது. முன்னால் போன குதிரைகள் தப்பித்துப் போய்விட்டன. கடைசிக்கு முன்னால் வந்த பிஸ்கோத்துக்குப் பின்கால் வழுக்கியது, முன்னங்கால் மடங்கியது, அந்தக் கால்மேலேயே முழு உடம்பும் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. இனியவன் தூரப் போய் விழுந்தான், தோள் கழன்று கை தொங்க எழுந்து, குதிரையை நோக்கி ஓடினான்.

மனுஷனுக்குக் கால் ஒடிந்தால் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்து, வருகிறவர்கள் கொண்டுவரும் ஆரஞ்சுப் பழத்தைத் தின்றுகொண்டிருக்கலாம். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படுத்தே கிடந்தால் குடல் கெட்டுச் சாகும், மூன்று காலில் நின்றால் அந்த மூன்றும் கெட்டுச் சாகும். அதைவிடக் கொடுமை, தனக்கு என்ன ஆயிற்று என்று அதற்குத் தெரியாது. எழுந்து ஓடத்தான் பார்க்கும். பிஸ்கோத்தும் எழப் பார்த்தது. தொங்குகிற காலை ஊன்றியது, விழுந்தது, மறுபடியும் ஊன்றியது. கூட்டம் வட்டமாகச் சூழ்ந்துகொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தது.

அன்வருதீன் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். ரேஸ் மைதானத்தில் குதிரை விழுந்தால் முதலில் திரை வரும். பச்சைத் துணியை நாலு பேர் பிடித்து மறைத்துக்கொள்வார்கள், பணம் கட்டியவர்கள் பார்க்கக் கூடாது என்று. கோல்டன் விழுந்த அன்று ஓடி வந்த அன்வருதீன் அந்தத் திரைக்கு வெளியே நின்றுவிட்டார். யாரும் தடுக்கவில்லை. உள்ளே போகத் துணிவில்லை. குதிரை உள்ளே தன்னைத் தேடியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது அவரை இன்றுவரை விடவில்லை.

இங்கே திரை இல்லை. வளைவில் தலைவரின் பெரிய பேனர் கட்டியிருந்தது. அன்வருதீன் கயிற்றை அறுத்து இழுத்தார். தலைவர் மீது கை வைக்கிறாயா என்று ஆதிமூலம் கத்திக்கொண்டு வந்தார். அன்வருதீன் பேனரின் ஒரு முனையை அவர் கையிலேயே திணித்துப் பிடிக்கச் சொன்னார். அன்வருதீனின் முகத்தைப் பார்த்து ஆதிமூலம் என்ன நினைத்தாரோ, பிடித்துக்கொண்டார். இன்னும் மூன்று பேர் பிடித்தார்கள். கூட்டத்தின் பக்கம் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தவர்களுக்கெல்லாம் அவர்தான் கிடைத்தார்.

உள்ளே அன்வருதீன் மண்டியிட்டு, குதிரை எழாமல் இருக்கக் கழுத்தின்மேல் தன் பாரத்தைப் போட்டு, சால்வையால் அதன் கண்ணை மூடினார். காதருகே ஏதேதோ சொன்னார். கோல்டனிடம் சொல்ல வேண்டியிருந்ததெல்லாம் அதில் இருந்தது. அழுதார், வெட்கப்படாமல் அழுதார். இனியவன் ஒரு கையால் பிஸ்கோத்தின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். கால்நடை டாக்டர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார், பார்த்தார், வேறு வழியில்லை என்று இனியவனிடம் சொல்லி ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அன்வருதீனின் கைக்குக் கீழே துடிப்பு நின்றது.

பேனர் பிடித்தவர்களுக்குக் கை வலித்தது, இறக்கிவிட்டுப் போனார்கள். மேடைப் பக்கம் பிரியாணி போட ஆரம்பித்துவிட்டதால் கூட்டமும் போனது. மைக்கில் ஜெயித்த குதிரையின் பெயரைச் சொன்னார்கள். குதிரையோடு இவர்கள் இரண்டு பேரும் மட்டும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இனியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பேகம் குட்டி போட்டா எனக்குக் குடுப்பீங்களா பாய்? எவ்ளோ நாள் ஆனாலும் பரவால்ல. நான் வளத்துக்கறேன்."

ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த நேரத்துக்கு அவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அப்படிச் சொல்வதில் அன்வருதீனை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வாயும் திறந்தது.

"குட்டி இல்லப்பா" என்றார். "அது சினையே இல்ல. ஓட வுடக் கூடாதுன்னு சொன்ன பொய்யி."

இனியவன் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, கணக்குப் போடத் தெரியாதவன் கணக்குப் போடுகிற முகம்.

"இந்த ரோட்டுல ஓடுனா கால் ஒடியும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் வூட்டுக்கு வந்து கேட்டனே, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

இனியவன் பிஸ்கோத்தின் தலைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, நல்லாயிருந்த ஒரு கையால் கடிவாளத்தைக் கழற்றப் பார்த்தான். வார் கன்னத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. மறுபடியும் இழுத்தான். அன்வருதீன் கை கொடுக்கக் குனிந்தார்.

"நீங்க தொடாதீங்க பாய்" என்றான்.